புலிவாலும் எலித்தலையும்

“இன்னும் 737-லதான் இருக்கீங்களா?”

அமெரிக்காவின் பெரிய விமான நிறுவனம் ஒன்றில் 15 வருஷம் பறந்த விமானியிடம் இப்படிக் கேட்பவருக்கு விமானங்களைப் பற்றி அதிகம் தெரிந்திருக்கத் தேவையில்லை. பெரியது உசத்தி என்று தெரிந்திருந்தால் போதும். அந்தக் கேள்வியில் ஒரு பரிதாபம் ஒட்டிக்கொண்டிருக்கும். கூடப் படித்தவன் கலெக்டராகிவிட்டான், நீ இன்னும் தாலுகா ஆபீசிலேயே இருக்கிறாயே என்று கேட்கிற அதே குரல்.

பரிதாபத்துக்குப் பின்னால் ஒரு கோட்பாடும் உண்டு. விமானியின் வாழ்க்கை ஓர் ஏணி. கீழ்ப்படியில் ஐம்பது, எழுபது பேர் ஏறும் பிராந்திய ஜெட். அடுத்தது 737, ஏர்பஸ் 320 போல நடுவில் ஒரே நடைபாதை உள்ள ‘நேரோபாடி’. உச்சியில் இரண்டு நடைபாதை கொண்ட ‘வைட்பாடி’: 777, 787, ஏ350. மேலே ஏற ஏறச் சம்பளம் கூடும், வேலை நாள் குறையும், தங்குமிடம் லண்டனும் டோக்கியோவும் ஆகும். ஆகவே நல்ல டியூட்டி வேண்டுமா, பெரிய விமானத்துக்குப் போ. போகாமல் உட்கார்ந்திருப்பவர் சோம்பேறி, அல்லது பயந்தவர். விமான ஆர்வலர்கள் இதை நம்புகிறார்கள். பயிற்சிப் பள்ளிகளின் விளம்பரப் படங்கள் இதைத்தான் விற்கின்றன. புதிதாக வேலையில் சேரும் விமானிகளிலேயே பலர், முதல் இரண்டு மூன்று வருஷமாவது, இப்படித்தான் நினைத்துக்கொண்டு திரிகிறார்கள்.

நம்மூர்க்காரர்கள் இதை எளிதாக நம்புவதற்கு ரயில்வே ஒரு காரணம் என்று எனக்குத் தோன்றும். கூட்ஸ் வண்டி ஓட்டுபவர் பாசஞ்சருக்கும், பிறகு மெயில், எக்ஸ்பிரஸுக்கும் உயர்கிறார். கூட்ஸில் இருக்கும்வரை நேரங்காலம் கிடையாது. அழைப்பு வந்தால் கிளம்ப வேண்டியதுதான். மெயில் வண்டிக்குப் போய்விட்டால் ‘லிங்க்’ உண்டு. அடுத்த வாரம் எந்த ஊரில் தூங்குவோம் என்பது முன்கூட்டியே தெரியும். அங்கே பதவியும் நிம்மதியும் ஒரே திசையில் ஏறுகின்றன. அமெரிக்க விமான நிறுவனத்தில் அவை பெரும்பாலும் எதிரெதிர்த் திசையில் போகின்றன. இதைப் புரிந்துகொள்ளாத வரையில் அங்கே ஒரு விமானி ஏன் எந்த விமானத்தைத் தேர்ந்தெடுக்கிறார் என்பது புரியாது.

அங்கே வேலையில் சேரும் நாளில் விமானிக்கு ஓர் எண் கிடைக்கிறது. மூப்பு எண். ஒரே நாளில் சேர்ந்தவர்களுக்குள் யார் முன், யார் பின் என்பதை வயதைப் பார்த்தோ வேறு ஏதாவது சின்ன விதியை வைத்தோ தீர்க்கிறார்கள். அதன்பிறகு அந்த எண்ணைத் திறமையால் மாற்ற முடியாது, சிபாரிசால் மாற்ற முடியாது, 30 வருஷம் ஒரு கீறல் இல்லாமல் விமானம் இறக்கியதாலும் மாற்ற முடியாது. முன்னால் நிற்பவர் ஓய்வு பெற்றாலோ, விலகினாலோ, இறந்தாலோ மட்டும் அது ஒரு படி ஏறும். எந்த ஊர்த் தளம், எந்த விமானம், இடப்பக்கக் கேப்டன் இருக்கையா வலப்பக்கத் துணை விமானி இருக்கையா, எந்த மாதம் விடுப்பு, கிறிஸ்துமஸ் அன்று வீடா ஹோட்டலா, எல்லாவற்றையும் தீர்மானிப்பது அந்த எண்தான்.

மாதாந்திர டியூட்டி போடும் முறையைப் பாருங்கள். ஒவ்வொரு விமானியும் அடுத்த மாதத்துக்கான தன் ஆசைகளைக் கணினியில் எழுதிவைக்கிறார். சனி, ஞாயிறு வேண்டாம். காலை எட்டுக்கு முன்னால் வேண்டாம். இரவு முழுக்க விழித்துப் பறக்கும் ‘ரெட் ஐ’ வேண்டவே வேண்டாம். பதினான்காம் தேதி மகளின் பிறந்தநாள். கணினி பட்டியலின் மேலிருந்து கீழே இறங்கி வருகிறது. முதல் ஆளுக்குக் கேட்டதெல்லாம் கிடைக்கிறது. நடுவில் இருப்பவருக்குக் கேட்டதில் பாதி. கடைசியில் இருப்பவர் எழுதியதைக் கணினி படித்துப் பார்க்கிறது, அவ்வளவுதான். பந்திக்கு முந்து என்று நம் ஆட்கள் சும்மாவா சொன்னார்கள்? கடைசிப் பந்தியில் உட்காருபவருக்குப் பாயசம் தீர்ந்துபோயிருக்கும்.

இங்கேதான் ஏணிக் கோட்பாடு முதல் அடி வாங்குகிறது. கணினி டியூட்டி போடும்போது நிறுவனத்தின் மொத்த விமானிகளையும் ஒரே வரிசையில் நிறுத்துவதில்லை. ஒரே தளம், ஒரே விமானம், ஒரே இருக்கை, இந்த மூன்றும் பொருந்துபவர்களை மட்டுமே தனி வரிசையாக நிறுத்துகிறது. ஆக உங்கள் எண் மாறாது. ஆனால் எந்த வரிசையில் போய் நிற்பது என்பது உங்கள் கையில் இருக்கிறது. விமானம் என்பது கல்யாண மண்டபம். எந்த மண்டபத்துக்குப் போகிறோம் என்பதைவிட, அங்கே எத்தனையாவது பந்தி நமக்கு என்பதுதான் கேள்வி.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். பத்தாயிரம் விமானிகள் உள்ள ஒரு நிறுவனம், நியூயார்க் பகுதியில் ஒரு தளம், நம் ஆளின் எண் 5,000 என்று வைத்துக்கொள்வோம். வைட்பாடி கேப்டன் இருக்கை அவருக்கு இன்னும் எட்டாது. வைட்பாடியில் துணை விமானியாகப் போனால் நூறு பேரில் எண்பதாவது ஆள். நேரோபாடியில் கேப்டனாகப் போனால் நூறு பேரில் தொண்ணூறாவது. நேரோபாடியிலேயே துணை விமானியாக இருந்துவிட்டால் நூறு பேரில் எட்டாவது. எண் ஒன்று, ஆனால் அதைக் கொண்டு வாங்கக்கூடிய வாழ்க்கை மூன்று. எலிக்குத் தலையாய் இருப்பதைவிடப் புலிக்கு வாலாய் இருப்பது மேல் என்று ஒரு பழமொழி உண்டு. சொன்னவர் ரிசர்வ் டியூட்டி பார்த்ததில்லை.

ரிசர்வ் என்பது என்ன? வரிசையின் அடியில் இருப்பவர்களுக்குக் குறிப்பிட்ட பயணங்கள் எதுவும் ஒதுக்கப்படாது. மாதத்தில் இத்தனை நாள் கூப்பிட்டால் வர வேண்டும் என்று மட்டும் இருக்கும். யாருக்காவது காய்ச்சல், எங்காவது பனிப்புயல், ஏதாவது ஒரு விமானம் தாமதம் என்றால் தொலைபேசி அடிக்கும். குறுகிய அழைப்பு ரிசர்வ் என்றால் இரண்டு மூன்று மணி நேரத்தில் விமான நிலையத்தில் நிற்க வேண்டும். அமெரிக்க விமானிகளில் பெரும் கூட்டம் தளம் இருக்கும் ஊரில் குடியிருப்பதில்லை. வேறொரு மாநிலத்தில் வீடு, விமானத்தில் ஏறித்தான் வேலைக்கு வருகிறார்கள். அப்படிப்பட்டவர் ரிசர்வில் இருந்தால் வீட்டில் காத்திருக்க முடியாது. விமான நிலையத்துக்கு அருகில் பத்துப் பேரோடு சேர்ந்து ஒரு கட்டிலை வாடகைக்கு எடுத்துக்கொண்டு அங்கே காத்திருக்கிறார். ‘க்ராஷ் பேட்’ என்று அதற்குப் பெயர். நியூயார்க்கின் குவீன்ஸில் கியூ கார்டன்ஸ் என்று ஒரு பகுதி. விமான ஊழியர்கள் இப்படி அடைந்து கிடப்பதால் ‘க்ரூ கார்டன்ஸ்’ என்றே அதற்குப் பட்டப்பெயர் வந்துவிட்டது. புலியின் வால் அங்கேதான் சுருண்டு படுத்திருக்கும்.

எதிர்த்தரப்பின் பலமான வாதத்தை நான் தவிர்க்கப் போவதில்லை. வைட்பாடியில் பயணம் நீளம், எண்ணிக்கை குறைவு என்கிறார்கள். உண்மைதான். நியூவார்க்கிலிருந்து டெல்லி போகக் கிட்டத்தட்ட 14 மணி நேரம், திரும்பி வர அதற்கும் மேலே. ஒரு சுற்று ஏறக்குறைய 30 மணி நேரம். மாதத்துக்கு 80, 85 மணி நேரம் பறந்தால் போதுமென்றால் மூன்றே சுற்றில் மாதம் முடிந்துவிடும். சுற்றுக்கு நான்கு நாள் என்று வைத்தால் பன்னிரண்டு நாள் வேலை, பாக்கி பதினெட்டு நாள் வீடு. நேரோபாடியில் ஒரு நாளைக்கு ஐந்து மணி நேரம் சேர்ந்தால் அதே 80 மணிக்குப் பதினாறு நாள் வேண்டும். கணக்கு கச்சிதமாக இருக்கிறது.

ஆனால் இந்தக் கணக்கு அந்தத் தளத்தின் வைட்பாடி விமானிகள் அத்தனை பேருக்கும் தெரியும். டெல்லிப் பயணங்களை மேலே இருப்பவர்கள் அள்ளிக்கொண்டு போய்விடுவார்கள். நம் எண்பதாவது ஆளுக்கு ரிசர்வ் இல்லாமல் ஏதாவது கிடைத்தால் அது பெரும்பாலும் ஐரோப்பா. சாயங்காலம் நியூயார்க்கில் கிளம்பி, இரவு முழுக்கப் பறந்து, காலையில் லண்டனிலோ பாரிஸிலோ இறங்கி, வெயிலில் திரையை இழுத்து மூடிக்கொண்டு தூங்க முயன்று, மறுநாள் திரும்புகிற மூன்று நாள் பயணம். ஒரு சுற்றுக்கு 14, 15 மணி நேரம்தான் சேரும். 80 மணிக்கு ஐந்து, ஆறு சுற்று. பதினைந்து முதல் பதினெட்டு நாள் வேலை, கூடவே ஐந்தாறு தூக்கமில்லாத இரவுகள். அதே நேரத்தில் நேரோபாடி வரிசையின் எட்டாவது ஆள் காலையில் கிளம்பி ஃபோர்ட் லாடர்டேல் போய், மதியமே திரும்பி, சாயங்காலம் மகனின் பேஸ்பால் ஆட்டத்துக்குப் போய்ச் சேர்கிறார். ஒரு நாளில் ஆறு மணி நேரம் சேர்த்துவிடுகிறார். பதினான்கு நாளில் மாதம் முடிகிறது. எல்லா இரவும் சொந்தக் கட்டில். வேலை நாள் கணக்கிலேயே சின்ன விமானம் ஜெயித்துவிட்டது. பெரிய விமானத்தின் நல்ல டியூட்டி என்று ஊர் பேசுவதெல்லாம் அந்த விமானத்தின் மூத்தவர்களுடைய டியூட்டி.

இதற்காகச் சின்ன விமானம்தான் எல்லோருக்கும் நல்லது என்று நான் சொல்ல வந்ததாக நினைத்துவிட வேண்டாம். அது இன்னொரு மூடநம்பிக்கை. நம் எட்டாவது ஆளின் வீடு நியூஜெர்சியில் இருந்தால்தான் ஃபோர்ட் லாடர்டேல் போய்வருவது சுகம். அவர் வடக்கு கரோலினாவில் குடியிருந்தால் பதினான்கு நாள் வேலைக்காகப் பதினான்கு தடவை இன்னொருவர் விமானத்தில் இடம் கிடைக்குமா என்று வாசலில் நிற்க வேண்டும். அவருக்கு மாதம் மூன்று நான்கு நீண்ட பயணம் என்றால்தான் வாழ்க்கை. அதே எண், அதே தளம், வீட்டு முகவரி மட்டும் வேறு, பதில் தலைகீழாகிவிடுகிறது.

இன்னொரு வேடிக்கை உண்டு. ரிசர்வ் என்றால் தண்டனை என்று மேலே எழுதினேன் அல்லவா? தளம் இருக்கும் ஊரிலேயே வீடு வைத்திருக்கும் சில மூத்த வைட்பாடி விமானிகள் அதை விரும்பிக் கேட்டு வாங்குகிறார்கள். நீண்ட அழைப்பு ரிசர்வில் அரை நாள் அவகாசம் கிடைக்கும். வைட்பாடியில் ஆட்கள் தாராளமாக இருக்கும் மாதங்களில் அழைப்பே வராமல் போவதும் உண்டு. வீட்டுப் புல்வெட்டிக்கொண்டே குறைந்தபட்ச மாதச் சம்பளம் வாங்கலாம். ஒருவருக்குக் க்ராஷ் பேட் கட்டில், இன்னொருவருக்குச் சாய்வு நாற்காலி. இரண்டுக்கும் பெயர் ரிசர்வ்தான், இரண்டும் ஒரே விமானத்தில்தான்.

சம்பளத்துக்கு வருவோம். பெரிய விமானம் ஓட்டினால் அதிகச் சம்பளம் என்பது ஏதோ இயற்கை நியதி போலப் பேசப்படுகிறது. அது ஒரு பேரத்தின் மிச்சம். 1931-இல் அமெரிக்க விமானிகள் சங்கம் உருவான சமயத்தில் நிறுவனங்கள், புதிய விமானங்கள் வேகமாகப் போகின்றனவே, ஆகவே மைலுக்கு இவ்வளவு என்ற கூலியைக் குறைக்கலாம் அல்லது மணிக்கணக்குக்கு மாற்றலாம் என்று பார்த்தன. தகராறு தேசியத் தொழிலாளர் வாரியத்துக்குப் போனது. 1934-இல் வந்த அதன் 83-ஆம் எண் தீர்ப்பு, மாதத்துக்கு 85 மணி நேரம் என்று உச்சவரம்பு வைத்தது. வேகமான விமானத்துக்குக் கூடுதல் மணிக் கூலி என்றது. இயந்திரத்தால் நிறுவனத்துக்கு வரும் லாபத்தில் ஓட்டுபவருக்கும் பங்கு என்பதுதான் அதன் உள்ளர்த்தம். வேகத்தோடு பிற்பாடு விமானத்தின் எடையும் சேர்ந்துகொண்டது. அந்தப் பேரம் வேறு மாதிரி முடிந்திருந்தால் சம்பளமும் வேறு மாதிரி இருந்திருக்கும்.

வேறு மாதிரி முடிந்த இடமும் இருக்கிறது. யுபிஎஸ் சரக்கு நிறுவனத்தில் 757 ஓட்டினாலும் 747 ஓட்டினாலும் சம்பள விகிதம் ஒன்றே. அங்கே விமானத்தைத் தேர்ந்தெடுக்கும் விமானி பணத்தைப் பார்க்க வேண்டியதே இல்லை. எந்த ஊர், எந்த நேரம், எத்தனை நாள் என்பதை மட்டும் பார்த்தால் போதும். மறுமுனையில் சவுத்வெஸ்ட். அங்கே 737 தவிர வேறு விமானமே கிடையாது. ஏணிக் கோட்பாடு சரியென்றால் சவுத்வெஸ்ட் விமானிகள் எல்லோருக்கும் ஒரே மாதிரி வாழ்க்கை அமைந்திருக்க வேண்டும். அங்கும் மூத்தவர் காலை டியூட்டி எடுத்துக்கொண்டு போக, இளையவர் நள்ளிரவில் ஏதோ ஓர் ஊரில் இறங்குகிறார். விமான வகை என்ற கூறையே நீக்கிவிட்டுப் பார்த்தாலும் நல்ல டியூட்டிக்கும் கெட்ட டியூட்டிக்கும் இடையிலான தூரம் அப்படியே இருக்கிறது. இதைவிடத் தெளிவான பரிசோதனை எனக்குத் தெரியாது.

பணத்தை முன்வைத்துப் பேசுபவர்கள் இன்னொன்றையும் கவனிக்கத் தவறுகிறார்கள். வைட்பாடித் துணை விமானியைவிட நேரோபாடிக் கேப்டனுக்கு மணிக் கூலி அதிகம். அப்படியானால் எண் எட்டிய அன்றே எல்லோரும் கேப்டன் நாற்காலிக்கு ஓட வேண்டும் அல்லவா? 2023-இல் நடந்தது என்ன? யுனைடெட் நிறுவனம் கேப்டன் இடங்களை அறிவித்தது. முந்தைய ஒரு வருஷத்தில் அறிவித்தவற்றில் ஏறக்குறைய பாதிக்கு ஆளே வரவில்லை என்று செய்தி வந்தது. அமெரிக்கன் நிறுவனத்திலும் கேப்டன் ஆகத் தகுதியிருந்தும் வேண்டாம் என்று துணை விமானியாகவே இருப்பவர்கள் ஆயிரக்கணக்கில் என்று அதன் சங்கம் சொன்னது. சம்பள உயர்வைக் கையில் வைத்துக்கொண்டு நிறுவனம் கூப்பிடுகிறது, விமானி வரமாட்டேன் என்கிறார். கேப்டன் ஆனால் வரிசையின் அடிக்குப் போக வேண்டும், ரிசர்வில் உட்கார வேண்டும், விடுமுறை நாளிலும் பிடித்து அனுப்பப்படலாம் என்பது அவருக்குத் தெரியும். மூத்தவர்கள் மறுத்ததால் அந்த இடங்கள் கீழே கீழே இறங்கி, சேர்ந்து சில மாதங்களே ஆனவர்களையும் எட்டின. அவர்களுக்கும் ஒரு தடை இருந்தது: விமான நிறுவனப் பறத்தலில் 1,000 மணி நேரம் இல்லாமல் கேப்டன் ஆக முடியாது என்பது 2013 முதல் சட்டம்.

இதைச் சோம்பல் என்று சொன்ன பத்திரிகைக்காரர்களை எனக்குத் தெரியும். பணம் கொடுத்தும் உழைக்க மறுக்கிறார்கள் என்று அவர்களுக்குக் கோபம். தன் வேலைநேரத்தைத் தானே விலை போடத் தெரிந்த தொழிலாளியைப் பார்த்தால் சிலருக்கு எப்போதும் இந்தக் கோபம் வருகிறது.

‘பெரிய விமானம்தான் உண்மையான பறத்தல்’ என்று ஒரு மிச்ச வாதம் இருக்கிறது. தொழில் அழகு பேசுபவர்களின் வாதம் இது. அமெரிக்க விதிப்படி பறக்கும் நேரம் எட்டு, ஒன்பது மணியைத் தாண்டினால் மூன்றாவது விமானி வேண்டும். 13 மணியைத் தாண்டினால் நான்காவது ஆள். 2014 ஜனவரியில் அமலுக்கு வந்த ஓய்வு விதிகள் சொல்வது இது. டெல்லிப் பயணத்தில் நான்கு பேர் இருக்கிறார்கள். போகும்போது ஒரு தரையிறக்கம், வரும்போது ஒரு தரையிறக்கம். மாதம் மூன்று சுற்றுப் போகும் அதிர்ஷ்டசாலிக்குக்கூட ஆறு தரையிறக்கத்தை மற்றவர்களோடு பங்கு போட்டுக்கொண்டால் எத்தனை மிஞ்சும்? 90 நாளில் மூன்று முறையாவது மேலெழுப்பி, தரையிறக்கியிருக்க வேண்டும் என்று ஒரு விதி உண்டு. நெடுந்தூர விமானங்களில் இளைய துணை விமானிகள் பலர் அந்த மூன்றைக்கூட எட்டாமல், சிமுலேட்டருக்குப் போய்க் கணக்கைச் சரிசெய்துகொண்டு வருகிறார்கள். ஏளனம் செய்யப்படும் அந்த 737 விமானி ஒரே நாளில் மூன்று முறை இறக்குகிறார், சிகாகோவின் குறுக்குக் காற்றிலும் டென்வரின் இடிமழையிலும். கையால் விமானம் ஓட்டுவதுதான் தொழில் என்றால் யார் தொழில் செய்கிறார்கள் என்பதை எண்ணிப் பார்த்துச் சொல்லலாம்.

நேரத்தைத் தேர்ந்தெடுப்பதைச் சொகுசு என்று ஒதுக்குபவர்களுக்கு 2009 பிப்ரவரி 12-ஐ நினைவுபடுத்த வேண்டும். நியூவார்க்கிலிருந்து பஃபலோ போன கோல்கன் ஏர் 3407 விமானம் தரையிறங்கும் முன் ஒரு வீட்டின் மேல் விழுந்தது. விமானத்தில் இருந்த 49 பேரும் வீட்டில் இருந்த ஒருவரும் இறந்தார்கள். வேகம் குறைந்து எச்சரிக்கை வந்தபோது கேப்டன் தவறாகக் கையாண்டதுதான் காரணம் என்று விசாரணை முடிவு செய்தது. அது சரி. ஆனால் அதே விசாரணை வேறு சிலவற்றையும் பதிவு செய்தது. துணை விமானி முந்தின இரவு சியாட்டிலிலிருந்து மெம்ஃபிஸ் வழியாகச் சரக்கு விமானத்தில் உட்கார்ந்துகொண்டே நாட்டைக் குறுக்காகக் கடந்து வேலைக்கு வந்திருந்தார். கேப்டனின் வீடு ஃப்ளோரிடாவில்; அவர் விமான நிலைய ஊழியர் அறையில் படுத்திருந்தார். களைப்பு எந்த அளவுக்குப் பங்கு வகித்தது என்று அளந்து சொல்ல முடியாது என்றாலும், இருவரும் களைத்திருந்திருக்கக்கூடும் என்பதை விசாரணையாளர்கள் மறைக்கவில்லை. இன்றைய ஓய்வு விதிகள் அந்த விபத்துக்குப் பிறகு பிறந்தவை. எங்கே தூங்குவது, எப்போது எழுவது என்பதைப் பார்த்து விமானத்தைத் தேர்ந்தெடுப்பவரைச் சொகுசுக்காரர் என்று சொல்வதற்கு முன்னால், அவர் பின்னால் இருக்கை வாரைக் கட்டிக்கொண்டு உட்காரப் போவது நாம்தான் என்பதையும் யோசிக்கலாம்.

மூப்பு முறையே அநியாயம், திறமைக்கு மதிப்பில்லை என்று குறுக்கே ஒரு குரல் வரும். அது தனி வழக்கு, இங்கே விரித்துப் பேச இடமில்லை. மேலதிகாரியின் தயவில் டியூட்டி வாங்கும் கேப்டன், பனி கொட்டும் இரவில் ‘இந்த விமானத்தை எடுக்க மாட்டேன்’ என்று அதே அதிகாரியிடம் சொல்லுவாரா என்று மட்டும் கேட்டுவிட்டு நகர்கிறேன்.

விமானிகளுக்கே எது விலைமதிப்பானது என்பது நிறுவனங்கள் இணையும்போது தெரியும். 2001-இல் அமெரிக்கன் நிறுவனம் டிடபிள்யூஏ-வை வாங்கியது. வந்து சேர்ந்த விமானிகளில் பெரும் பகுதியினரைப் பட்டியலின் அடியில் ஒட்டினார்கள். அதே வருஷம் செப்டம்பரில் இரட்டைக் கோபுரம் விழுந்தது. ஆட்குறைப்பு பட்டியலின் அடியிலிருந்து தொடங்கியது. இனி இப்படி நடக்கக் கூடாது என்று மிசௌரியின் இரண்டு செனட்டர்கள் 2007-இல் ஒரு சட்டமே கொண்டுவர வேண்டியதாயிற்று. 2005-இல் யுஎஸ் ஏர்வேஸும் அமெரிக்கா வெஸ்டும் இணைந்தபோது இரண்டு பட்டியல்களை ஒன்றாக்கும் வேலை ஜார்ஜ் நிக்கோலாவ் என்ற நடுவரிடம் போனது. 2007-இல் அவர் தந்த பட்டியலில், பல வருஷங்களுக்கு முன் சேர்ந்து ஆட்குறைப்பில் வீட்டில் இருந்த யுஎஸ் ஏர்வேஸ் (கிழக்குத் தரப்பு) விமானிகள், சமீபத்தில் சேர்ந்து பறந்துகொண்டிருந்த அமெரிக்கா வெஸ்ட் (மேற்குத் தரப்பு) இளைஞர்களுக்குக் கீழே போனார்கள். கிழக்குத் தரப்பு கொதித்தது. 1931-இலிருந்து வந்த தாய்ச் சங்கத்தையே 2008-இல் வாக்களித்து வெளியேற்றிவிட்டுப் புதுச் சங்கம் அமைத்தது. வழக்குகள் அடுத்த இணைப்பு வரை நீண்டன. அத்தனை வருஷமும் யாரும் எந்த விமானத்துக்காகவும் கோர்ட்டுக்குப் போகவில்லை. வரிசையில் தன் இடத்துக்காகப் போனார்கள்.

விமானம் நிலையானதும் இல்லை. 2020-இல் கொரோனா வந்தபோது டெல்டா தன்னிடம் இருந்த 18 போயிங் 777-களையும் ஒரே வருஷத்தில் ஒதுக்கியது. அமெரிக்கன் நிறுவனம் 757, 767, ஏ330 எல்லாவற்றையும் கழித்துக் கட்டியது. உச்சிப்படியில் நின்றவர்கள் காலடியில் படியே இல்லை. அவர்கள் தங்கள் எண்ணோடு வேறு விமானத்துக்கு வந்தார்கள். அங்கே இருந்த இளையவர்களைக் கீழே தள்ளினார்கள். தள்ளப்பட்டவர்கள் அடுத்த விமானத்தில் இருந்தவர்களைத் தள்ளினார்கள். பெரிய விமானத்தின் வாலில் தொங்கிக்கொண்டிருந்தவர், ஏன் இதற்கு வந்தோம் என்று மீண்டும் ஒருமுறை பயிற்சி வகுப்பில் உட்கார்ந்தார்.

2007 டிசம்பர் 13-ஐச் சொல்லி முடிக்கிறேன். அதுவரை அமெரிக்காவில் விமான நிறுவன விமானி 60 வயதில் இறங்கியாக வேண்டும். அன்று கையெழுத்தான சட்டம் அதை 65 ஆக்கியது, அன்றே அமலுக்கும் வந்தது. முன்னால் நின்றவர்கள் கிளம்பவில்லை. பின்னால் நின்றவர்களின் எண் வருஷக்கணக்கில் அசையவில்லை. அதற்கு முந்தின வாரம் 60 முடிந்தவரின் கதை இன்னும் விசித்திரம். முந்தின வாரம்வரை அவர் 747-இல் கேப்டனாக, பட்டியலின் உச்சியில், கேட்டதெல்லாம் கிடைக்கும் நிலையில் இருந்திருக்கலாம். சட்டம் அவரைத் திரும்பி வரக் கூடாது என்று சொல்லவில்லை. வரலாம், பழைய மூப்பு கிடையாது, புதிதாகச் சேருபவராக வரலாம் என்றது. அப்படி வந்தால் அவருக்கு முன்னால் நிற்கப் போகிறவர், போன மாதம் பயிற்சி முடித்து, சின்ன விமானத்தின் வலப்பக்க இருக்கையில், குறுகிய அழைப்பு ரிசர்வில், கியூ கார்டன்ஸில் ஒரு கட்டில் பிடித்து வைத்திருக்கும் பையன்.